கட்டாரில் பிரிட்டிஷ் பள்ளி தேடுகிறீர்களா? திரும்பி வரும் வருடத்தை முதலில் கணக்குப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கணவர் டோஹாவில் குவான்டிட்டி சர்வேயர், மூன்று வருட ஒப்பந்தம், பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கம்பனி தரும். மகள் திருகோணமலையில் தமிழ்மொழி மூலம் தரம் 7, மே மாதம் பிறந்தவள். மகன் தரம் 2, ஒக்டோபர் மாதம் பிறந்தவன். வருகிற செப்டெம்பரில் உப்புவெளி வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் போகிறீர்கள், அங்கே நல்ல பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி எது என்று பெயர் கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "பிறகு திரும்பி வந்தால் இவர்களின் படிப்பு என்னாகும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, உங்களை நித்திரை கொள்ள விடாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான பதில்தான் எந்தப் பள்ளி என்பதையும் தீர்மானிக்கும்.

நான் வளைகுடா நாடுகளில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் நீண்ட காலம் விஞ்ஞானம் படிப்பித்தவன், சேர்க்கை நேர்முகங்களிலும் இருந்திருக்கிறேன். இப்போது ஊரில் லண்டன் பரீட்சைக்கு, அதாவது பிரிட்டிஷ் ஐஜிசிஎஸ்இ, ஏ லெவல் பரீட்சைகளுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை, அவளுடைய ஆங்கிலம் எப்படி என்று தெரியாமல் சொல்லக்கூடியது இவ்வளவுதான் என்ற எல்லை இந்தப் பதிலுக்கு உண்டு. பள்ளியின் பெயரும் சொல்லமாட்டேன். அதிபர் மாறி, நல்ல ஆசிரியர்கள் நாலு பேர் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் இரண்டு வருடத்தில் ஒரு பள்ளி தலைகீழாகிவிடும். நான் அறிந்த பள்ளி இன்று அதே பள்ளியாக இருக்கும் என்று நம்பி நீங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடாது.

முதலில் வகுப்புக் கணக்கு. இது சந்தேகமில்லாத விஷயம், கடதாசி எடுத்து எழுதிப் பாருங்கள். இங்கிலாந்து முறையில் பள்ளி வருடம் செப்டெம்பரில் தொடங்குகிறது, செப்டெம்பர் முதலாம் திகதி பிள்ளைக்கு எத்தனை வயது என்பதை வைத்து வகுப்பைத் தீர்மானிப்பார்கள். ஐந்து வயது முடிந்தவர் இயர் 1, ஆறு முடிந்தவர் இயர் 2, அப்படியே ஏறும். நம் நாட்டில் ஜனவரிதான் எல்லை. அதனால் ஒரே தரத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்த மாதத்தைப் பொறுத்து அங்கே வெவ்வேறு வகுப்பில் விழுவார்கள். உங்கள் மகள் மே மாதம் பிறந்தவள் என்பதால் செப்டெம்பரில் இயர் 8. மகன் ஒக்டோபர் என்பதால் இயர் 2. தரம் 7 படிக்கும் பிள்ளையை இயர் 8இல் போடுகிறார்களே, ஒரு வகுப்பு மேலே ஏற்றிவிட்டார்களே என்று பயப்பட வேண்டாம், அவள் வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடம் அதுதான். ஆங்கிலம் போதாது என்று ஒரு வகுப்புக் கீழே போடச் சொல்லிப் பெற்றோர் சிலர் கெஞ்சுவார்கள். சில பள்ளிகள் சம்மதிக்கும், ஆனால் நாட்டுக்கு நாடு வயது விதி இருப்பதால் எல்லா இடத்திலும் அது நடக்காது.

இனி முக்கியமான இடம். இயர் 10, இயர் 11 இரண்டும் சேர்ந்து ஐஜிசிஎஸ்இ பாடநெறி, நம் சாதாரண தரம் மாதிரி, இயர் 11 முடிவில் மே, ஜூன் மாதங்களில் பரீட்சை. இயர் 12, 13 ஏ லெவல், நம் உயர்தரம் மாதிரி. மகள் இந்தச் செப்டெம்பரில் இயர் 8 தொடங்கினால் ஒரு வருடத்தில் இயர் 8 முடியும், இரண்டாவது வருடத்தில் இயர் 9, மூன்றாவது வருடத்தில் இயர் 10. மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறபோது அவள் ஐஜிசிஎஸ்இயின் நட்டநடுவில் நிற்பாள், கையில் எந்தச் சான்றிதழும் இருக்காது. அந்த நேரத்தில் ஊருக்கு வந்தால் அவளுடைய வகுப்புத் தோழிகள் தரம் 10இல் பாதிக்கு மேல் போயிருப்பார்கள். சாதாரண தரப் பரீட்சைப் பாடத்திட்டம் தரம் 10, 11 என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடம் தமிழில் வரலாறும் சமயமும் விஞ்ஞானமும் படிக்காத பிள்ளை, அதில் பாதியை விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும். இப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவர்கள் படுகிற பாடு தாங்க முடியாதது.

அதனால் என் அபிப்பிராயம் இது: மகளுக்கு இரண்டு வருடம் நல்லது, நாலு வருடம் நல்லது, மூன்று வருடம்தான் கூடாது. இரண்டு வருடத்தில், அதாவது இயர் 9 முடிந்ததும் வந்தால் இங்கே தரம் 9இன் கடைசிப் பகுதியில் சேர்ந்து, ஜனவரியில் தரம் 10ஐ எல்லோருடனும் சேர்ந்து தொடங்கலாம். நாலு வருடம் நின்றால் ஐஜிசிஎஸ்இ பெறுபேற்றுடன் வருவாள், அதற்குப் பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் அதை எல்லோருக்கும் தெரியும். உங்கள் கணவரின் ஒப்பந்தம் மூன்று வருடம் என்பதால் நீட்டிக்க வாய்ப்பு இருக்கிறதா என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால், பிறகு பள்ளி தேடி அலைவதில் பாதி குறையும். இன்னொன்று, சில பள்ளிகள் ஐஜிசிஎஸ்இயை இயர் 9இலேயே தொடங்கி மூன்று வருடம் கொண்டுபோவார்கள். அப்படியான பள்ளி என்றால் மேலே சொன்ன கணக்கு கொஞ்சம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் பற்றி எழுதாமல் விட முடியாது, நம் ஊர்ப் பெற்றோர் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகள் தெரிவாவது உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளியை வைத்து. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகிறது. அந்த 16இல் திருகோணமலையும் ஒன்று. அதனால் பல பாடநெறிகளுக்கு இங்கிருந்து போகும் பிள்ளைக்குக் கொழும்புப் பிள்ளையை விடக் குறைந்த வெட்டுப்புள்ளி போதும். மாவட்டத்தைத் தீர்மானிப்பது நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்பது இல்லை, உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பது. லண்டன் ஏ லெவல் எடுத்த பிள்ளை இந்த வரிசைக்குள் வரமாட்டாள். வெளிநாட்டுத் தகைமை உள்ளவர்களுக்கு ஒரு சிறிய ஒதுக்கீடு தனியாக உண்டு, அதை நம்பித் திட்டம் போடும் அளவுக்கு அது பெரிதில்லை. மகள் மருத்துவமோ பொறியியலோ அரச பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டின் கனவு என்றால், அவள் உயர்தரத்தை இங்கேதான் எழுத வேண்டும், அதற்கு முந்திய வருடங்களிலும் இங்கேதான் இருக்க வேண்டும். அப்படியில்லை, தனியார் நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ காசு கட்டிப் படிப்பிக்கத் தயார் என்றால் லண்டன் ஏ லெவல் போதுமானது, கணக்கியல் போன்ற தொழில்சார் படிப்புகளுக்கும் அது வழி விடும். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வருபவர்களுக்கும் இலங்கை மருத்துவச் சபை உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமை கேட்கிறது, திரும்பி வந்தபின் பரீட்சையும் வைக்கிறது, அதையும் மனதில் வையுங்கள். இந்த விதிகள் வருடத்துக்கு வருடம் திருத்தப்படுவதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த வருடக் கையேட்டைத் தவிர வேறு யார் சொல்வதையும், என்னையும் சேர்த்து, இறுதியானதாக எடுக்காதீர்கள்.

பள்ளிக்கு வருகிறேன். "பிரிட்டிஷ்" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகையில் போடலாம். இலங்கையிலேயே சர்வதேசப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் இல்லாமல் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துதான் நடக்கின்றன. கேம்பிரிட்ஜ் அல்லது பியர்சன் எடெக்ஸெல் என்ற பிரிட்டிஷ் பரீட்சைச் சபையின் பரீட்சை நிலையமாகப் பதிவு பெற்றிருக்கிறோம் என்று சொன்னால், அந்தப் பள்ளி அந்தப் பரீட்சைகளை நடத்தலாம் என்றுதான் அர்த்தம். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று யாரோ வந்து பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. பார்த்தார்களா என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. இங்கிலாந்துக் கல்வித் திணைக்களத்தின் 'பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ்' (சுருக்கமாக பிஎஸ்ஓ) என்ற மேற்பார்வைத் திட்டத்தில், அந்தத் திணைக்களம் அங்கீகரித்த பரிசோதகர்கள் பள்ளிக்குப் போய், வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து, அறிக்கை எழுதுவார்கள், அந்த அறிக்கையை யாரும் வாசிக்கலாம். கோபிஸ் எனப்படும் சர்வதேச பிரிட்டிஷ் பள்ளிகள் மன்றத்தின் உறுப்புரிமையும் ஒரு நல்ல அடையாளம். டுபாய் என்றால் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரச அமைப்பான கேஎச்டிஏ தரப்படுத்திய பழைய அறிக்கைகளும் கிடைக்கும். நீங்கள் போவது கட்டார் என்பதால் பிஎஸ்ஓ அறிக்கையைத் தேடுங்கள், எந்த வருடத்து அறிக்கை என்று பாருங்கள், முன்னுரையை விட்டுவிட்டு "மேம்படுத்த வேண்டியவை" என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். இப்படியான சான்று இல்லாத பள்ளி மோசமான பள்ளி என்று சொல்லமாட்டேன், கட்டணம் குறைந்த நல்ல பள்ளிகள் பல இந்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பதில்லை. ஆனால் அப்போது பார்க்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

டோஹாவில் ஸ்டஃபர்ட் இலங்கைப் பாடசாலை என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மஸ்கட்டிலும் இலங்கைப் பாடசாலை உண்டு. பெயரைப் பார்த்து நம் தரம் 8, தரம் 9 அங்கே தொடரும் என்று எண்ணிவிடக் கூடாது, அவையும் பிள்ளைகளை லண்டன் பரீட்சைக்குத்தான் தயார்படுத்துகின்றன. ஆனாலும் நம் பிள்ளைகளின் பழக்கவழக்கம் தெரிந்த ஆசிரியர்கள் இருப்பது, புதிதாகப் போகும் தரம் 7 பிள்ளைக்கு முதல் வருடத்தில் பெரிய ஆறுதல். அதை ஒரு தெரிவாகக் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

மொழிக்கு வருகிறேன், மகளின் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம் இங்கேதான். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளை ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஒன்று, இரண்டு வருடத்தில் தோழிகளுடன் சரளமாகப் பேசத் தொடங்கிவிடுவாள். வீட்டில் எல்லோரும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். ஆனால் பாடப்புத்தக ஆங்கிலம், அதாவது ஒரு விஞ்ஞானக் கேள்விக்குக் காரணம் சொல்லி ஐந்து வரி எழுதுகிற ஆங்கிலம், வகுப்பின் மட்டத்துக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம் எடுக்கும் என்பது ஜிம் கமின்ஸ் என்ற ஆய்வாளர் நெடுங்காலத்துக்கு முன்னரே காட்டியது. என் வகுப்பறையில் நான் கண்டதும் அதுதான். உங்கள் மகளுக்கு ஐஜிசிஎஸ்இக்கு முன் நாலு வருடம்தான் இருக்கிறது. எனவே, ஆங்கிலத்தை மேலதிக மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஈஏஎல் என்று சொல்வது, என்ன உதவி தருகிறார்கள் என்பதே நீங்கள் எந்தப் பள்ளியிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை பாடவேளை, எந்தப் பாடத்திலிருந்து பிள்ளையை வெளியே எடுப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணமா, எத்தனை மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். "பிள்ளைகள் தானாகப் பிடித்துக்கொள்வார்கள்" என்று பதில் வந்தால் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள், இயர் 2 பையனுக்கு அது ஓரளவு உண்மை, இயர் 8 பிள்ளைக்கு உண்மையில்லை.

சேர்க்கையின்போது கெட் 4 என்றொரு பரீட்சை வைக்கக்கூடும். அதில் நாலு பகுதி: சொற்களை வைத்து, எண்களை வைத்து, வடிவங்களை வைத்து, இடவெளியில் வடிவங்களைத் திருப்பிப் பார்ப்பதை வைத்து. சராசரிப் புள்ளி 100. கடைசி இரண்டு பகுதிக்கும் ஆங்கிலம் அவ்வளவாகத் தேவையில்லை. தமிழ்மொழி மூலப் பிள்ளைகளில் பலருக்கு முதல் பகுதியில் குறைந்த புள்ளியும் மற்றவற்றில் நல்ல புள்ளியும் வரும். அந்த இடைவெளி சொல்வது, பிள்ளைக்கு ஆற்றல் இருக்கிறது, மொழிதான் இன்னும் வரவில்லை என்பதை. மொத்தப் புள்ளியை மட்டும் காட்டி "தரம் போதாது" என்று திருப்பி அனுப்பினால், நாலு பகுதியின் புள்ளியையும் தனித்தனியாகக் கேளுங்கள். அதைப் பார்த்துச் சரியாக விளக்கிச் சொல்லும் பள்ளி கிடைத்தால் அங்கே பிள்ளையைக் கவனிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்கிறார்.

பரீட்சைச் சபையைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கேட்பதில்லை, ஆனால் வேலை மாறி நாடு மாறும் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். இலங்கையில் பிரிட்டிஷ் கவுன்ஸில் மூலம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் லண்டன் பரீட்சைகளை எழுதலாம். ஆகவே எதிர்பாராமல் இயர் 11இன் நடுவில் திரும்ப வேண்டி வந்தாலும் பாடநெறியை இங்கே முடிக்க வழி இருக்கிறது, பாடங்கள் அதற்கு இடம் கொடுத்தால். பள்ளியே மதிப்பிடும் ஒப்படைகள் உள்ள பாடம் என்றால் தனியாக எழுதுவது கஷ்டம். விஞ்ஞானத்தில், எடெக்ஸெல் ஐஜிசிஎஸ்இயில் செய்முறைப் பரீட்சை தனியாக இல்லை, கேம்பிரிட்ஜில் செய்முறைக்குப் பதிலாக எழுத்து வினாத்தாள் ஒன்றைத் தெரிவுசெய்ய முடியும். ஏ லெவலுக்குப் போனால் கேம்பிரிட்ஜுக்கு ஆய்வுகூடத்தில் செய்து காட்ட வேண்டும், எடெக்ஸெல் சர்வதேச ஏ லெவலில் அதையும் எழுத்தில் கேட்பார்கள். ஆகவே இயர் 10 தொடங்கும் நாளிலேயே ஒவ்வொரு பாடத்தின் சபை, பாடக்குறியீடு இரண்டையும் எழுதி வாங்கி வையுங்கள். மகள் விஞ்ஞானப் பக்கம் போகலாம் என்றால் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றையும் தனிப் பாடமாகத் தருகிறார்களா என்றும் கேளுங்கள். சேர்த்துப் படிப்பிக்கும் விஞ்ஞானத்தோடு ஏ லெவல் இரசாயனத்துக்குப் போகிற பிள்ளை முதல் தவணையிலேயே தடுமாறும்.

பள்ளிகள் விளம்பரத்தில் போடும் பெறுபேற்று வீதத்தைப் பற்றி ஒன்று. "90 வீதம் ஏ ஸ்டார், ஏ" என்பது பரீட்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 90 வீதம். அந்த வகுப்பில் இயர் 10இல் எத்தனை பேர் இருந்தார்கள், பரீட்சைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால், புள்ளி குறையும் பிள்ளையை அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பது புரியும். கூடவே போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்பதையும் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. முடிந்தால் பள்ளி விடும் நேரத்தில் வெளியே நின்று பெற்றோருடன் பேசுங்கள். கிண்ணியா, மூதூர் பக்கத்தில் கட்டாரில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவர்களில் இப்போது அங்கே இருப்பவர்களிடம் கேட்டால் விளம்பரத்தில் இல்லாதது எல்லாம் வரும்.

கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பனி தரும் தொகை ஒரு பிள்ளைக்கா குடும்பத்துக்கா, பதிவுக் கட்டணம், பஸ், சீருடை, பரீட்சைக் கட்டணம் அதற்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பரீட்சைக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் தனித்தனியாக வரும். வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால் இயர் 11 கட்டணத்தை இப்போதே பாருங்கள். நிலுவை இருந்தால் விடுகைப் பத்திரத்தைப் பிடித்துவைக்கும் பள்ளிகள் உண்டு, வேலை திடீரென்று போனால் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கட்டாரில் தனியார் பள்ளிகளில் அரபு மொழியும் கட்டார் வரலாறும் கட்டாயம் என்பதால் மகளின் நேரசூசியில் அதற்கும் இடம் போகும். கட்டணம் கைக்கு எட்டவில்லை என்றால் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளையும் பார்ப்பீர்கள். குறைந்த செலவில் நன்றாகப் படிப்பிக்கும் இடங்கள் அவற்றில் இருக்கின்றன, ஆனால் வருடம் ஏப்ரலில் தொடங்கும், செப்டெம்பரில் போகும் உங்களுக்கு நடுவில் நுழைய வேண்டிவரும்.

மகனைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, இயர் 2இல் போகிறவன் ஒரு வருடத்தில் ஆங்கிலத்தில் கனவு காண்பான். அவனுக்கு ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய வயதில் நிறுத்திவிட்டால் அது முழுக்கப் போய்விடும், மூன்று வருடத்தில் திரும்பி வந்தால் தோழர்கள் தரம் 5 புலமைப்பரிசில் எழுதிக்கொண்டிருக்க அவன் அம்மம்மாவின் கடிதத்தை வாசிக்க முடியாமல் நிற்பான். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரத்துப் பாடநூல்களும் இலவசமாக இருக்கின்றன. அவனுக்குத் தமிழும் கணிதமும், மகளுக்குத் தரம் 8, 9 தமிழும் வரலாறும் சமயமும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அந்த ஒரு காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். ரியூசன் ஆள் தேவையில்லை, நீங்களே போதும்.

போகும் முன் செய்ய வேண்டிய இரண்டு வேலை. மகளின் பாடசாலை அதிபரிடம் போய், இரண்டு வருடத்தில் திரும்பக்கூடும் என்று சொல்லி, அப்போது எந்த நடைமுறையில் திரும்பச் சேர்க்கலாம் என்று கேட்டு வையுங்கள், வலயக் கல்விப் பணிமனையிலும் கேளுங்கள். இடைத்தரத்தில் இடம் கிடைப்பது சுலபமில்லை. அடுத்தது, விடுகைப் பத்திரம், கடைசி இரண்டு வருடத் தேர்ச்சி அறிக்கை, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஓகஸ்ட் வரை வைத்திருக்காமல் இப்போதே எடுங்கள், அத்தாட்சிப்படுத்த எடுக்கும் நாட்களைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மகளின் ஆங்கிலப் பாட விடைத்தாள் ஒன்றையும், அவள் தானாக எழுதிய ஒரு பக்கக் கட்டுரையையும் படம் எடுத்துப் போட்டால் ஈஏஎல் உதவி எவ்வளவு தேவைப்படும் என்று என்னால் இதைவிடத் திட்டவட்டமாகச் சொல்ல முடியும். பெயரையும் பாடசாலையையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.